உயிரணுக்கள் ஏறி நிற்கும் சாரம்

கட்டடம் எழும்பும்போது சவுக்குக் கம்புகளாலும் கயிற்றாலும் சுற்றிலும் கட்டப்படும் சாரம், சுவரும் தளமும் இறுகித் தம் சுமையைத் தாமே தாங்கத் தொடங்கியதும் அவிழ்க்கப்பட்டுவிடுகிறது. குடிபுகுந்த வீட்டில் அதன் சுவடுகூட இருப்பதில்லை. மனிதத் திசுக்களை உடலுக்கு வெளியே உருவாக்க முனையும் மருத்துவ அறிவியலும் இத்தகைய ஒரு சாரத்தையே நம்பி நிற்கிறது. நுண்துளைகள் நிறைந்த செயற்கைச் சட்டகம் ஒன்றின் மீது உயிருள்ள அணுக்களைக் குடியேற்றினால், அவை பெருகி, தமக்கு வேண்டிய நார்ப்பொருளைத் தாமே சுரந்து, திசுவாக இறுகும் வரை அந்தச் சட்டகம் அவற்றைத் தாங்க வேண்டும். அதன்பின் சிறிது சிறிதாகக் கரைந்து மறைந்துவிட வேண்டும். உயிரணுக்களையும் அவற்றுக்கான சாரத்தையும் கணினியில் வரையப்பட்ட வடிவத்தின்படி அடுக்கடுக்காகப் படியவைத்துத் திசுவை உருவாக்கும் முறைக்கு உயிரச்சு என்று பெயர்.

மனித உடலின் எல்லாப் பகுதிகளும் சேதத்தைத் தாமே சரிசெய்துகொள்வதில்லை என்பதிலிருந்தே இம்முறைக்கான தேவை எழுகிறது. கீறப்பட்ட தோல் மூடிக்கொள்கிறது, ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்ட கல்லீரல் மீண்டும் வளர்கிறது, முறிந்த எலும்பு கூடிவிடுகிறது. ஆனால் மூட்டுகளின் முனையில் மெத்தை போல் அமைந்த குருத்தெலும்பு தேய்ந்தால் தேய்ந்ததுதான். மாரடைப்பில் இறந்த இதயத் தசையின் இடத்தில் துடிக்காத தழும்பே உருவாகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் எண்ணிக்கையில் இருக்கும் வடிப்பான் அலகுகளான நெஃப்ரான்கள் அழிந்தால் அவற்றுக்கு ஈடாகப் புதியவை தோன்றுவதில்லை. இதயமோ சிறுநீரகமோ முற்றிலும் செயலிழந்தால் இன்று உள்ள ஒரே முழுமையான மாற்று இன்னொருவரின் உறுப்புதான். அமெரிக்காவில் மட்டும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உறுப்புக்காகக் காத்திருக்கின்றனர். உறுப்பு கிடைத்தவர்களும், உடலின் எதிர்ப்பாற்றல் அதை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்காதிருக்க, வாழ்நாள் முழுதும் அந்த ஆற்றலை அடக்கிவைக்கும் மருந்துகளை உட்கொள்ள வேண்டியிருக்கிறது. நோயாளியின் சொந்த அணுக்களிலிருந்தே உறுப்பைச் செய்ய முடிந்தால் இந்த இரண்டு துன்பங்களும் ஒருசேர நீங்கும் என்னும் எண்ணமே இத்துறையை இதுவரை நடத்திவந்திருக்கிறது.

அச்சுப்பொறி இத்துறைக்குள் வருவதற்கு முன்பே சாரம் வந்துவிட்டது. 1981ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரின் அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் அயோனிஸ் யான்னாஸும், தீக்காயத்தால் தோலைப் பெருமளவில் இழந்தவர்களுக்காக ஒரு செயற்கைத் தோலைச் செய்துகாட்டினர். மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்னும் நார்ப்புரதமும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைப் பொருளும் சேர்ந்த துளைநிறைந்த அடுக்கு காயத்தின் மேல் வைக்கப்பட்டது. அதற்கு மேலே சிலிக்கோன் படலம் மூடியாக அமைந்தது. நோயாளியின் அணுக்களும் இரத்தக் குழாய்களும் அந்த அடுக்குக்குள் ஏறி வந்து புதிய உட்தோலைக் கட்டி முடித்தபோது, அவை ஏறிவந்த அடுக்கு கரைந்துபோயிருந்தது. சாரம் என்னும் கருத்து மனித உடலில் பலித்த தொடக்ககால நிகழ்வுகளில் இது முதன்மையானது என்றே கொள்ளலாம்.

விலங்குப் பொருளுக்குப் பதிலாகச் செயற்கைப் பொருளைக் கொண்டு சாரம் அமைக்கும் வழியை ராபர்ட் லாங்கர், ஜோசஃப் வக்கான்டி ஆகிய இருவரும் விரிவாக வகுத்தனர். 1993இல் அவர்கள் எழுதிய ஆய்வுரை திசுப் பொறியியல் என்னும் துறைக்கு அடித்தளமாக இன்றும் கருதப்படுகிறது. அவர்கள் தேர்ந்த பொருள்கள் மருத்துவர்களுக்குப் புதியவை அல்ல. பாலிகிளைக்காலிக் அமிலம், பாலிலாக்டிக் அமிலம் ஆகிய நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள், பிரிக்கத் தேவையில்லாமல் தாமே கரையும் தையல் நூலாக முன்னமே வழக்கத்தில் இருந்தவை. ஈரம் பட்டதும் இவற்றின் சங்கிலி கண்ணி கண்ணியாக அறுந்து, உடல் இயல்பாகவே கையாளத் தெரிந்த சிறு அமிலங்களாக மாறி வெளியேறிவிடும். 1997இல் வெளியான ஆய்வொன்றில், இத்தகைய பொருளால் மனிதக் காதின் வடிவில் செய்யப்பட்ட சாரத்தில் கன்றின் குருத்தெலும்பு அணுக்கள் விதைக்கப்பட்டு, எதிர்ப்பாற்றல் அற்ற எலி ஒன்றின் முதுகுத் தோலுக்கடியில் பதிக்கப்பட்டன. முதுகில் காதைச் சுமந்த அந்த எலியின் படம் உலகெங்கும் பரவி, வியப்பையும் அருவருப்பையும் கிளப்பியது. படத்தைக் கண்டவர்களில் பெரும்பாலோர் அறியாத செய்தி, அந்தக் காதால் கேட்க முடியாது என்பதும் அது மனிதத் திசுவே அல்ல என்பதும்தான்.

சாரத்தில் அணுக்களைக் கையால் விதைக்கும் இம்முறை மனிதரிடம் எட்டிய உயரமும் அதன் எல்லையும் சிறுநீர்ப்பையில் வெளிப்பட்டன. முதுகுத்தண்டு வளர்ச்சிக் குறையோடு பிறந்து, சிறுநீர்ப்பை இறுகிச் சுருங்கிப்போனதால் சிறுநீரகமே கெடும் நிலையில் இருந்த ஏழு இளையோருக்கு, பாஸ்டனில் ஆன்டனி அட்டாலா என்னும் மருத்துவர், அவர்களுடைய உடலிலிருந்து எடுத்த சிறு துண்டுத் திசுவை வளர்த்துப் பெருக்கி, பை வடிவச் சாரத்தின் உட்புறத்தில் உட்பூச்சு அணுக்களையும் வெளிப்புறத்தில் தசையணுக்களையும் பூசி, சில வாரங்கள் வளர்த்தபின் அவர்களுக்கே பொருத்தினார். முதல் அறுவை 1999இல் நடந்தது. முடிவுகள் 2006இல் வெளியானபோது ஆய்வகத்தில் வளர்த்த முதல் உறுப்பு என்று அது கொண்டாடப்பட்டது. கொண்டாட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. வேறொரு குழுவினர் இதே வழியில் நடத்திய அடுத்த கட்ட ஆய்வின் முடிவுகள் 2014இல் வந்தபோது, குழந்தைகளுக்குக் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் கிட்டவில்லை என்பதும், ஏற்கத்தக்க அளவை மீறிய பக்கவிளைவுகள் நேர்ந்தன என்பதும் தெரியவந்தன. ஒரு குழுவின் வெற்றியை மற்றொரு குழு மீண்டும் நிகழ்த்திக் காட்டும் வரை அதை மருத்துவம் என்று அழைப்பது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கை விதைப்பில் எந்த அணு எங்கே போய் ஒட்டும் என்பதைக் கட்டுப்படுத்த முடிவதில்லை. விதைத்த அணுக்களில் பெரும்பகுதி சாரத்தின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வகை அணுக்களை அவற்றுக்குரிய இடங்களில் நிறுத்துவது இயலாத காரியமாகிவிடுகிறது. இங்கேதான் அச்சு உதவிக்கு வந்தது. சார்ல்ஸ் ஹல் 1984இல் காப்புரிமை கோரிய முப்பரிமாண அச்சு முறை, பொருள்களை மெல்லிய அடுக்குகளாகப் படியவைத்து உருவாக்கும் வழியைக் காட்டியது. 1988இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கிளீப், அலுவலகங்களில் பயன்படும் மைதெளிப்பு அச்சுப்பொறியைக் கொண்டு அணுக்கள் ஒட்டிக்கொள்ளும் புரதத்தைக் குறித்த இடங்களில் அச்சிட்டார். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் போலண்ட், அத்தகைய பொறிகளையே மாற்றியமைத்து, உயிருள்ள அணுக்களையே மையாக்கித் தெளிக்கலாம் என்று காட்டினார். மைதெளிப்புப் பொறியின் நுனியில் உள்ள சூடேற்றி ஒரு கணத்துக்குக் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகி, குமிழி ஒன்றை உண்டாக்கி, மைத்துளியை வெளியே தள்ளுகிறது. அந்தச் சூடு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரமே நிலைப்பதால், துளியின் வெப்பம் சில பாகைகளுக்கு மேல் உயர்வதில்லை. உள்ளிருக்கும் அணுக்களில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன.

இன்று ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படுவது இந்தத் தெளிப்பு முறை அன்று. ஊசிக்குழாயிலிருந்து பிதுக்கும் முறை. முறுக்கு உழக்கில் மாவைப் பிழிவதைப் போல, கணினி ஆணைக்கேற்ப அசையும் மெல்லிய குழாய் முனை வழியாகக் கூழ் போன்ற பொருள் இழையாக வெளிவந்து, வரிசை வரிசையாகப் படிகிறது. குழாய் முனையை நுண்மையாக்கினால் வடிவம் துல்லியமாகும். ஆனால் அதற்குள் நசுங்கிச் செத்துப்போகும் அணுக்களும் கூடும். மூன்றாவதாக, ஒளி பட்டால் இறுகும் கரைசலில் படம் காட்டுவது போல் ஒளியைப் பாய்ச்சி, அடுக்கு அடுக்காக உறையவைக்கும் முறையும் உண்டு.

இம்முறைகளின் வெற்றி தோல்வி எல்லாம் எந்திரத்தைவிட மையிடமே அதிகம் இருக்கிறது. உயிரணுக்கள் கலந்த மையை உயிரி மை என்பர். அது குழாய்க்குள் இளகி ஓட வேண்டும், வெளியே வந்ததும் சரியாமல் நிற்க வேண்டும், உள்ளிருக்கும் அணுவுக்கு உணவும் உயிர்வளியும் ஊடுருவ இடம் தர வேண்டும், நஞ்சாகக் கூடாது. இவ்வளவு நிபந்தனைகளையும் ஒருவாறு நிறைவுசெய்பவை ஹைட்ரோஜெல்கள். நுங்கின் சதையைப் போல, பெரும்பகுதி நீராகவே இருந்தும் வடிவம் குலையாத கூழ்மங்கள் அவை. அவற்றுள் பழமையானதும் மலிவானதும் ஆல்ஜினேட். பழுப்புநிறக் கடற்பாசியின் அணுச்சுவரிலிருந்து பெறப்படும் இப்பொருளின் கரைசலில் சுண்ணச்சத்தான கால்சியம் பட்ட கணத்தில் அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து கூழாகிவிடுகின்றன. மன்னார் வளைகுடாக் கரையில் இராமநாதபுரம் மாவட்டத்து மீனவப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் பாசிகளுள் கட்டக்கோரை என்று அவர்கள் அழைக்கும் வகையும் நெடுங்காலமாக ஆல்ஜினேட் தொழிலுக்கே போய்ச் சேர்கிறது என்பது பலரும் அறியாதது. ஆனால் ஆல்ஜினேட்டை மனித அணுவால் பற்றிக்கொள்ள இயலாது. அதில் அணு உயிரோடிருக்கும், ஆனால் பரவி வேலை செய்யாது. எனவே அணுக்களுக்குப் பழக்கமான கொலாஜனையோ, அதைக் காய்ச்சிப் பெறும் ஜெலட்டினையோ கலக்க வேண்டியிருக்கிறது.

கொலாஜன் அணுக்களுக்கு உகந்தது என்றாலும் மிகவும் நெகிழ்வானது. திறந்த வெளியில் அச்சிட்டால் தன் எடையிலேயே சரிந்துவிடும். இச்சிக்கலுக்கு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஃபைன்பெர்க் குழுவினர் கண்ட தீர்வு அழகானது. நுண்துகள்களாக்கிய ஜெலட்டின் கூழ் நிரம்பிய தொட்டிக்குள் ஊசியை இறக்கி, அந்தக் கூழின் நடுவே கொலாஜனை அச்சிடுகின்றனர். ஊசி நகரும் வழியில் கூழ் விலகி வழிவிட்டு, அது கடந்ததும் மூடிக்கொண்டு, அச்சிட்ட இழையை நாற்புறமும் தாங்கிப் பிடிக்கிறது. அச்சு முடிந்தபின் தொட்டியை உடல் வெப்பமான 37 பாகைக்குக் கொண்டுவந்தால் ஜெலட்டின் உருகி வடிந்துவிட, உள்ளே வடிவம் மட்டும் எஞ்சுகிறது. 2015இல் அறிமுகமான இம்முறையால் 2019இல் இதய வால்வு, இதய அறை போன்ற பகுதிகளைக் கொலாஜனில் அவர்கள் அச்சிட்டுக் காட்டினர்.

நெகிழ்வைச் சமாளிக்க மற்றொரு வழி, வலிமையைச் செயற்கைச் சாரத்திடமும் உயிரை ஹைட்ரோஜெல்லிடமும் பிரித்துக் கொடுப்பது. வட கரோலினா மாநிலத்தின் வேக் ஃபாரஸ்ட் நிறுவனத்துக்குச் சென்ற அட்டாலாவின் குழுவினர் 2016இல் வெளியிட்ட முறை இதுவே. பாலிகேப்ரோலாக்டோன் என்னும் பொருள் ஏறத்தாழ 60 பாகையில் உருகக்கூடியது. உறைந்தபின் உறுதியாக நிற்கும். உடலுக்குள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மெல்லக் கரையும். இதன் உருகிய இழையையும் அணுக்கள் கலந்த ஹைட்ரோஜெல் இழையையும் மாறி மாறிப் பிதுக்கி, இடையிடையே உணவு ஊடுருவ நுண்வழிகளை விட்டு, மனிதக் காதின் முழு அளவில் ஒரு வடிவத்தை அச்சிட்டனர். எலியின் தோலுக்கடியில் வைத்த இரண்டு மாதத்தில் அதில் குருத்தெலும்பு உருவாகியிருந்தது. எலியின் மண்டையோட்டில் வைத்த எலும்புத் துண்டில் ஐந்து மாதத்தில் இரத்தக் குழாய்கள் ஓடிய எலும்பு வளர்ந்திருந்தது. திசு வளர்ந்து இறுகும் வரை சாரம் கரையாமல் தாங்கி நின்றதும், நுண்வழிகள் மூலம் உணவு உள்ளே ஊடுருவியதுமே இதன் வெற்றிக்குக் காரணம். முந்திக் கரைந்தால் திசு சரியும். கரையாமல் நின்றால் உடல் அதை அந்நியப் பொருளாகச் சுற்றித் தழும்பு கட்டும்.

இவ்வளவு கைகூடியும் சிறுநீரகமோ கல்லீரலோ ஏன் இன்னும் அச்சாகவில்லை என்னும் கேள்விக்கு விடை இரத்தத்தில் இருக்கிறது. உயிரணு ஒன்று தன் அருகிலுள்ள இரத்தத் தந்துகியிலிருந்து 100 முதல் 200 மைக்ரான் தொலைவுக்குள் இருந்தால்தான் உயிர்வளி அதை எட்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 200 மைக்ரான் என்பது இரண்டு மூன்று தலைமயிரின் தடிப்பு. தடிமனான திசுவை அச்சிட்டால் ஓரங்கள் பிழைக்க, நடுப்பகுதி மூச்சுமுட்டி மடிகிறது. காதும் மூட்டுக் குருத்தெலும்பும் முதலில் கைவந்ததற்குக் காரணம், குருத்தெலும்பு இயல்பிலேயே இரத்தக் குழாய் இல்லாத, சொற்ப உயிர்வளியில் வாழப் பழகிய திசு என்பதுதான். தேர்ந்தெடுத்த திசுவின் எளிமையை முறையின் வல்லமையாக எண்ணிவிடலாகாது.

இரத்தக் குழாய்களை அச்சிட ஆய்வாளர்கள் கண்ட வழிகள் இத்துறையின் மிகச் சுவையான பக்கங்கள். 2012இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோர்டான் மில்லரும் கிறிஸ்டஃபர் சென்னும் சர்க்கரைப் பாகைக் கம்பிகளாக இழுத்துக் கண்ணாடி போல் உறையவைத்து, அந்த வலையைச் சுற்றி அணுக்கள் நிறைந்த கூழை ஊற்றி இறுகச் செய்தனர். பின்பு சர்க்கரை கரைந்தோட, அது இருந்த இடமெல்லாம் குழாய்களாயின. இரண்டு ஆண்டுக்குப் பின் ஹார்வர்டில் ஜெனிஃபர் லூயிஸ் குழுவினர் இன்னும் நுட்பமான பொருளைக் கையாண்டனர். நெய் குளிரில் உறைந்து சூட்டில் இளகும். அவர்கள் தேர்ந்த ப்ளூரானிக் என்னும் பொருளோ அறைவெப்பத்தில் உறைந்து நின்று, குளிர்வித்தால் நீராகிவிடும். அதனால் அணுக்களைச் சூட்டால் வருத்தாமலே குழாய்களைக் காலிசெய்து, அவற்றின் உட்சுவரில் இரத்தக் குழாய் அணுக்களைப் படரவிட முடிந்தது. 2016இல் அவர்கள் 1 சென்டிமீட்டருக்கு மேல் தடிமனான திசுவை ஆறு வாரங்களுக்கு மேல் உயிரோடு காத்தனர். ரைஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற மில்லர் 2019இல் பங்கேற்ற ஆய்வொன்றில், மூச்சுக் காற்றால் உப்பிச் சுருங்கும் ஒரு நுண்ணறையையும் அதைச் சுற்றிப் பின்னிய இரத்தக் குழாய் வலையையும் ஒளியால் அச்சிட்டு, வலையில் ஓடிய சிவப்பணுக்கள் அறைக் காற்றிலிருந்து உயிர்வளியை ஏற்பதைக் காட்டினர். ஒளி தேவையான அடுக்கைத் தாண்டி ஊடுருவாமல் தடுக்க அவர்கள் கரைசலில் கலந்தது, தின்பண்டங்களுக்கு மஞ்சள் நிறம் ஊட்டும் டார்ட்ரசீன் சாயத்தையே.

இவை பெரும் சாதனைகள். ஆயினும் இயற்கையின் அளவோடு ஒப்பிடுகையில் இத்துறை நிற்கும் இடம் தெளிவாகும். 2022இல் அமெரிக்காவின் யுனைட்டட் தெரப்யூடிக்ஸ், த்ரீடி சிஸ்டம்ஸ் ஆகிய நிறுவனங்கள் மனித நுரையீரலின் சாரம் ஒன்றை அச்சிட்டதாக அறிவித்தன. அதன் வடிவமைப்பில் 20 கோடி காற்று நுண்ணறைகளும், நீட்டிவைத்தால் 4,000 கிலோமீட்டர் நீளும் தந்துகிகளும் அடங்கும். அது அணுக்கள் குடியேற வேண்டிய வெற்றுச் சாரமே. அணுக்கள் குடியேறியபின்னும் உறுப்பு உறுப்பாகிவிடாது. இதயத்தில் மட்டும் 200 முதல் 300 கோடித் தசையணுக்கள் உள்ளன. அவை அனைத்தும் முறையாக அணிவகுத்து, ஒரே மின்துடிப்புக்கு ஒன்றாகச் சுருங்கினால்தான் இரத்தம் வெளியேறும். 2019 ஏப்ரலில் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் டால் த்விர் குழுவினர் நோயாளியின் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த பொருளாலும் அணுக்களாலும் முயலின் இதய அளவில் ஒரு சிறிய இதயத்தை அச்சிட்டபோது, மனித இதயம் அச்சாகிவிட்டது என்றே உலக நாளேடுகள் எழுதின. அதன் அணுக்கள் தனித்தனியே சுருங்கின; ஒன்றுசேர்ந்து இரத்தத்தை இறைக்கவில்லை. அதை அக்குழுவினர் மறைக்கவில்லை. மறந்தது தலைப்பு எழுதியவர்களே.

ஆனால் அறிந்தே மறைத்தவர்களும் உண்டு. உயிர்களே அதற்கு விலையாகிவிட்டதால் அந்த வரலாற்றைச் சொல்லாமல் இத்துறையைப் பற்றிய எந்த விளக்கமும் முழுமை பெறாது. 2011 ஜூனில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில் பவுலோ மக்கியாரினி என்னும் அறுவை மருத்துவர், நெகிழியால் செய்த மூச்சுக்குழாய்ச் சாரத்தில் நோயாளியின் எலும்பு மஜ்ஜை அணுக்களை ஓரிரு நாள் ஊறவைத்து, அதை அவருக்குப் பொருத்தி, உலகின் முதல் செயற்கை மூச்சுக்குழாய் மாற்று என்று அறிவித்தார். அந்தச் சாரம் உடலில் கரையாத பொருளால் ஆனது. அதற்குள் இரத்தக் குழாய் எதுவும் இல்லை. விலங்குகளிடம் முறையான முன்சோதனை நடந்திருக்கவில்லை. மூச்சுக்குழாயோ ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்றின் கிருமிகளை எதிர்கொள்ளும் இடம். அணுக்கள் அதில் திசுவாக வளரவில்லை. கரையாத நெகிழி, ஆறாத புண்ணாகவே நின்றது. முதல் நோயாளி 2014 ஜனவரியில் இறந்தார். அம்மருத்துவமனையில் இத்தகைய குழாய் பெற்ற மூவருமே பின்னர் இறந்தனர். சக மருத்துவர்கள் நால்வர் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து, வெளியான ஆய்வுரைகளுக்கும் நோயாளிகளின் உண்மை நிலைக்கும் தொடர்பில்லை என்று புகார் அளித்தபோது, நிர்வாகம் முதலில் அவர்களை நம்ப மறுத்தது. உண்மை வெளிவந்தபின் ஆய்வுரைகள் 2018இல் திரும்பப் பெறப்பட்டன. 2023 ஜூனில் ஸ்வீடனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்கியாரினிக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. கரைய வேண்டிய சாரம், ஊடுருவ வேண்டிய இரத்தம், பொறுமையான முன்சோதனை என்று இத்துறை அதற்குள் நன்கறிந்திருந்த மூன்றையுமே புறக்கணித்ததன் விளைவு அது.

அதே மூச்சுக்குழாயை வேறு சிலர் பொறுமையோடு அணுகினர். 2012இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள், மூச்சுக்கிளை தளர்ந்து அடிக்கடி மூச்சு நின்றுபோன ஒரு கைக்குழந்தைக்கு, பாலிகேப்ரோலாக்டோனால் அச்சிட்ட வளையத்தை வெளியிலிருந்து தாங்கலாகத் தைத்துவைத்தனர். அதில் அணுக்கள் எதுவும் இல்லை. குழந்தையின் சொந்தக் குழாய் வளர்ந்து வலுப்பெறும் மூன்று ஆண்டுகள் வரை தாங்கி நின்று கரைந்துபோவதே அதன் வேலை. 2023இல் தென்கொரியத் தலைநகர் சியோலில், தைராய்டு புற்றுநோயால் மூச்சுக்குழாயின் ஒரு பகுதியை இழந்த பெண் ஒருவருக்கு, அதே பொருளாலான சாரமும் வேறு மனிதர் தந்த அணுக்கள் கலந்த மையும் சேர்த்து அச்சிட்ட குழாய்ப் பகுதி பொருத்தப்பட்டது. அமெரிக்காவில் ஒரு காது வளராமல் பிறந்த பெண்ணுக்கு அவருடைய குருத்தெலும்பு அணுக்களிலிருந்தே அச்சிட்ட காது பொருத்தப்பட்ட செய்தி 2022இல் வெளியானது. இவை ஒவ்வொன்றும் சிறிய அடிகள். நீண்ட காலக் கண்காணிப்பே இவற்றின் மதிப்பை முடிவுசெய்யும்.

உடலுக்குள் போகாமலேயே இத்துறை இன்று அளித்துவரும் பயனும் ஒன்று உண்டு. புதிய மருந்தை எலியிலும் நாயிலும் சோதித்து, நஞ்சில்லை என்று கண்டபின் மனிதருக்குக் கொடுத்தால், மனிதக் கல்லீரல் வேறு விதமாக நடந்துகொண்டு மருந்து தோற்றுப்போவது அடிக்கடி நேர்கிறது. மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் அச்சிட்ட மனிதக் கல்லீரல் திசுவுக்கு இரத்தக் குழாய் தேவையில்லை; சில வாரங்கள் உயிரோடு இருந்து மருந்தின் நச்சைக் காட்டினால் போதும். அமெரிக்காவின் ஆர்கனோவோ நிறுவனம் 2014இல் அத்தகைய திசுவைச் சோதனைக்கென விற்கத் தொடங்கியது. பெங்களூரின் பண்டோரம் நிறுவனமும் 2015இல் கல்லீரல் திசுவை உருவாக்கியது. விலங்குச் சோதனைக்கு மாற்றான முறைகளையும் ஏற்கும்படி அமெரிக்கா 2022 இறுதியிலும் இந்தியா 2023இலும் தத்தம் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தியிருக்கின்றன.

இந்தியாவில் நடைபெறும் பணிகளுள் கருவிழி பற்றியது தனியே கவனிக்கத்தக்கது. கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போல் அமைந்த கருவிழிப் படலமும் இரத்தக் குழாய் இல்லாத திசு. உயிர்வளியை நேரே காற்றிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் பெறுவது. அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ளது. ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையும் அந்நகரத்து ஐ.ஐ.டி.யும் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து, மனிதக் கருவிழித் திசுவிலிருந்து அணுக்களை நீக்கியெடுத்த பொருளையே மையாக்கி, செயற்கைப் பொருள் எதையும் சேர்க்காமல் கருவிழியை அச்சிட்டு, 2022இல் முயலின் கண்ணில் பொருத்தின. தானமாகப் பெற்றும் மாற்றுக்குத் தகுதி இல்லாமல் போகும் கண்கள் இவ்வகையில் பயன்படக்கூடும் என்பது நாட்டுக்கு மிக உகந்த சிந்தனை. உடலின் மிகச் சிக்கலான உறுப்பைப் பற்றிய கனவைவிட, மிக எளிய திசுவிலிருந்து தொடங்கும் இத்தகைய பணியே நோயாளிகளை விரைவில் எட்டும்.

இதயத்தைப் பொறுத்தவரை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2023இல் அமெரிக்க அரசிடமிருந்து 2.63 கோடி டாலர் பெற்று மேற்கொண்டுள்ள திட்டத்தின் குறிக்கோள், ஐந்து ஆண்டுக்குள் அச்சிட்ட இதயம் ஒன்றை உயிருள்ள பன்றியிடம் பொருத்திப் பார்ப்பது. அது நிறைவேறினாலும் மனிதருக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். சிறுநீரகத்துக்கோ கல்லீரலுக்கோ இன்று காத்திருப்பவர்களுக்கு உயிரச்சு எதையும் தர இயலாது. உயிரோடிருப்பவர் தரும் தானத்தை விட்டால், மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பே அவர்களுக்கு உள்ள வழி. தமிழ்நாட்டில் 2008 முதல் இறந்தோர் உறுப்புதானத் திட்டம் சீராக நடந்துவருகிறது. உறுப்புகளைத் தந்து மறைந்தோரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை அளிக்கப்படும் என்று 2023 செப்டம்பரில் அரசு அறிவித்தது. மருத்துவர்கள் அந்த நேரத்தில் கேட்பது குடும்பத்தாரின் சம்மதத்தையே. ஆகவே உறுப்புதானம் செய்ய விரும்புவோர் தம் விருப்பத்தை வீட்டாரிடம் இன்றே தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும்.